சாட்சிக்கு வளர்த்த ரோஜா

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். "சித்தப்பா வராம நான் மணவறையில உக்கார மாட்டேம்ப்பா. நீங்களே நேர்ல போயி வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடணும். நான் கூப்புட்டா அது செல்லாது" என்றாய். கோபத்தில் போனை வைத்தேன் என்று நினைத்திருப்பாய். பாதி அதுதான். மீதி என்னவென்று எனக்கே அப்போது தெரியவில்லை. வைகாசியில் கல்யாணம். இப்போது மாசிக் கடைசி. நீ கேட்ட காரியத்துக்கு விடை இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. அவசரமென்றால் நேராக அங்கே போகலாம். ஆனால் இருபத்தெட்டு வருஷமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிறவன் நான். விடையை மட்டும் எழுதி வைத்தவனுக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை. ஒவ்வொரு படியாக வா.

அருப்புக்கோட்டை வீட்டில், வாசல்படிக்கு இடப்பக்கம் நிற்கிற ரோஜாச் செடியிலிருந்து தொடங்குகிறேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது உன் அம்மா தள்ளுவண்டிக்காரனிடம் வாங்கி வைத்தது. மஞ்சள் பூ. நம் வீட்டு போர் தண்ணீர் உப்பு என்பதால் குழாய்த் தண்ணீர் வருகிற நாளில் அதற்கென்று ஒரு குடம் தனியாகப் பிடித்து மூடி வைப்பாள். குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறாளே என்று நான் முணுமுணுத்தது உனக்கு நினைவிருக்கும். மார்கழியில் அந்தப் பூ நல்ல அடர்த்தியாக, மாம்பழத்தின் உள்நிறத்தில் இருக்கும். சித்திரையில் வெளுத்துப் போய், விரிந்த இரண்டாம் நாளே பழைய காகிதம் மாதிரி ஆகிவிடும். "என்ன இது, வருஷா வருஷம் நிறம் மாறுது?" என்று கேட்டேன். "இந்த வெயிலுக்கு மனுசன் நெறமே நிக்க மாட்டேங்குது, பூவுக்கு எங்கிட்டு நிக்கும்?" என்றாள். இன்னொன்றும் செய்வாள். வாரத்துக்கு ஒருமுறை குத்தவைத்து உட்கார்ந்து, அடித்தண்டில் மண்ணை ஒட்டி முளைக்கிற தளிர்களை ஒடித்துப் போடுவாள். நல்ல கொழுத்த தளிர்கள். பேப்பருக்குப் பின்னாலிருந்து நான் ஒருநாள், "செடி தழைக்கிறது உனக்குப் பொறுக்கலையா?" என்றேன். அவள் திரும்பிப் பார்க்காமலேயே, "கேக்குற மாதிரி கேட்டாச் சொல்லுவேன்" என்றாள். நான் கேட்கிற மாதிரி கேட்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

பிறகு அவளுக்கு நோய் வந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம். நான் அவளோடு இருந்தேன். பதினோராவது படித்துக்கொண்டிருந்த உன்னைப் பரளச்சியில் சித்தப்பா வீட்டில் விட்டேன். விட்டேன் என்ன, அவனே வந்து உன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். காலையில் மொபெட்டில் உன்னைக் கூட்டிவந்து பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அப்படியே நம் வீட்டுக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான். அந்த ரோஜா அவன் பொறுப்பு என்று உன் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். வைகாசியில் ஒருநாள் மதுரைக்கு வந்தவனிடம் அவள் முதலில் கேட்டது அதைத்தான். நான் மருந்துச் சீட்டோடு உள்ளே நுழைந்தபோது, "நல்லா இருக்கு மதினி" என்று அவன் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. அவள் முகத்தில் ஒரு நிம்மதி. ஆடியில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று காலையில் அந்தச் செடி பூத்தது. ரோஸ் நிறத்தில். ஒன்றல்ல, கொத்துக்கொத்தாக ஏழெட்டுச் சின்னப் பூக்கள். பந்தலில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் உன் சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஏலே, இது என்ன செடி?"

"மதினி வச்ச செடிதாண்ணே."

"அது மஞ்ச. இது என்ன கலரு, பாத்துச் சொல்லு."

"நடுவுல மேல காஞ்சு போச்சுண்ணே. வெட்டிவிட்டேன். அடியில இருந்து தழைச்சு வந்துருச்சு. அதே செடிதான்."

"மஞ்சச் செடி ரோஸ் கலராப் பூக்குமாலே? நான் என்ன உன்ன மாதிரி மாட்டுக்குப் பின்னால போனவனா? செடியச் சாக விட்டுட்டு, வேற ஒண்ண நட்டு வச்சுட்டு, சாகக் கெடந்தவகிட்டப் போயி நல்லா இருக்குன்னு பொய் சொல்லியிருக்க."

அவன் கையிலிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "இனி உன் வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றேன். எல்லோர் முன்னாலும். நீ கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நம் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு என்ன கனம் என்று உனக்கு அந்த வயதிலேயே தெரியும். அடிதடிக்குப் போனவர்கள்கூட அடுத்த பொங்கலுக்குள் ராசியாகிவிடுவார்கள். தண்ணீரை நிறுத்தியவர்கள் சாவுக்குத்தான் சேருவார்கள், அதுவும் வாசலோடு.

ஒரு பூவுக்காகவா என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். என் மகனாக இருப்பதால் உனக்கு உண்மையைச் சொல்கிறேன். எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. பூ அதைக் கொடுத்தது. நான் மேலே படிக்கவேண்டும் என்பதற்காக உன் சித்தப்பா எட்டாவதோடு நின்று ஏர் பிடித்தான். அதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஊர்தான் சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு வேலை கிடைத்தபோது, "தம்பி வெயில்ல நின்னான், அண்ணன் நெழல்ல உக்காந்துட்டாரு" என்றார்கள். வீடு கட்டியபோது சொன்னார்கள். என்னைவிட இளையவனுக்குத் தலைமையாசிரியர் பதவியைக் கொடுத்து என்னைத் தாண்டிப் போனார்களே, அன்றைக்கு ஆறுதல் சொல்ல வந்த ஆளும், "தம்பிக்காகவாவது நீங்க பெரிய ஆளா வந்திருக்கணும்" என்றுதான் சொன்னார். உபகாரம் செய்தவன் ஒரு தப்பாவது செய்யமாட்டானா என்று பார்த்துக்கொண்டே இருப்பது பெரிய வியாதி. அது எனக்கு இருந்தது. ரோஸ் பூவைப் பார்த்ததும், அவள் போன துக்கத்துக்கு நடுவிலும், எனக்குள் ஏதோ ஒன்று சந்தோஷப்பட்டது.

அந்தச் செடியை நான் பிடுங்கிப் போட்டிருக்கலாம். நீகூட ஒருமுறை, "அவ்வளவு கோவம்னா ஏம்ப்பா தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டாய். நான் அதைச் சாட்சியாக வைத்திருந்தேன். ஒன்பது வருஷம் வளர்த்தேன். உன் அம்மா செய்த மாதிரியே குடத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்து மூடி வைத்து ஊற்றினேன். கரண்ட் பில் எடுக்க வருபவரிடம் காட்டினேன். எல்.ஐ.சி. காரரிடம் காட்டினேன். "இது மஞ்சள் பூச்செடியாக இருந்தது தெரியுமா?" என்று ஆரம்பித்து, கடைசியில் என் தம்பியின் யோக்கியதையில் முடிப்பேன். கேட்டவர்கள் ஒருமுறை கேட்டார்கள். இரண்டாவது முறை பில்லை கேட் இடுக்கில் செருகிவிட்டுப் போனார்கள். நீ கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு அதைக் காட்ட எனக்கு ஆளே இல்லை. சாயங்காலம் படியில் உட்கார்ந்து நானே பார்த்துக்கொண்டிருப்பேன். ஓய்வு பெற இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று சில சமயம் கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் நிறுத்திவிடுவேன்.

நீ போன் செய்ததற்கு இரண்டு நாள் கழித்து, கல்யாணத்துக்கு வீடு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். சுவரோடு ஒட்டி நிற்கிற செடியை எடுத்துவிட்டால் நல்லது என்றார்கள். அந்த நேரம் பார்த்து வீரசோழன் ஊர்க்கார பாய் ஒருவர் லோடு ஆட்டோவில் பூச்செடி விற்றுக்கொண்டு தெருவில் வந்தார். எடுக்கிற இடத்தில் புதிதாக ஒரு மஞ்சள் ரோஜா வைக்கலாம் என்று கேட்டேன்.

"மஞ்சதான சார்? இந்தா இருக்கு, மொட்டோட" என்று எடுத்துக் கொடுத்தவர், "ஆனா ஒண்ணு. கீழருந்து கொம்பு வந்தா ஒடிச்சு விட்ரணும். இல்லாட்டி அடுத்த வருசம் எங்கிட்ட சண்டைக்கு வருவீக, மஞ்சன்னு சொல்லி ரோஸ் குடுத்துட்டான்னு. ஊருக்கு நாலு பேரு வாராக அப்படி" என்றார்.

என் கையிலிருந்த செடியைக் கீழே வைத்தேன். "ஏன் அப்படி?" என்றேன். கேட்கிற மாதிரி கேட்டேன்.

"இது ஒட்டுச் செடி சார். மஞ்சப் பூவுக்குச் சொந்த வேரு நம்ம மண்ணுல அம்புட்டுத் தாங்காது. அதனால நாட்டு ரோசா அடித்தண்டுல இதோட கண்ணை எடுத்து ஒட்டியிருக்கு. மேல இருக்கது மஞ்ச. அடியில இருக்கது நாட்டு ரோசா, அது முரட்டுச் சாதி. வெயிலுக்கு மேல உள்ளது செத்துட்டா அடியில உள்ளது கெளம்பி வந்துரும். வெயில்ல வெளுக்கும், பனியில அடர்த்தியாகும், அது வேற. மஞ்ச ரோஸா மாறாது. ரோஸாப் பூத்துச்சுன்னா மஞ்ச செத்துப்போச்சுன்னு அர்த்தம். ஆளு மாறல, உள்ள இருந்தவன் வெளிய வந்துட்டான், அம்புட்டுத்தான்."

அவரை நம் செடியிடம் கூட்டிப்போனேன். குனிந்து, ஒரு குச்சியால் அடிமண்ணை இரண்டு விரல் ஆழத்துக்கு நோண்டினார். முழங்கால் முட்டி மாதிரி ஒரு புடைப்பு. அதில் காய்ந்து கறுத்த பழைய வெட்டு. அதற்குக் கீழேயிருந்து, சுண்டுவிரல் கனத்தில் தொடங்கி இப்போது என் மணிக்கட்டுக் கனத்துக்கு வந்துவிட்ட தண்டு. "இந்தா பாருங்க, இதான் ஒட்டு. யாரோ ஒட்டோட சேத்து வெட்டியிருக்காக. கீழருந்து வந்ததுதான் இம்புட்டும். அதே செடிதான் சார்" என்றார். ஒன்பது வருஷத்துக்கு முன் பந்தலில் கேட்ட அதே இரண்டு சொற்கள். பாய் புது மஞ்சள் செடியைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவரை நான் அங்கேயே நின்றேன். நான் வாங்கவில்லை.

உன் அம்மாவுக்கு இது தெரிந்திருக்கிறது. தள்ளுவண்டிக்காரன் சொல்லியிருப்பான். கேட்டிருந்தால் ஐந்து வார்த்தையில் எனக்கும் சொல்லியிருப்பாள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் உனக்கு அறிவுரையாக எழுதுகிறேன். மற்றதை எல்லாம் நீயே பட்டுத் தெரிந்துகொள். உன் வீட்டுக்கு வரப்போகிறவள் உனக்குப் புரியாத ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருந்தால், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, ஏன் என்று கேள். கேலியாகக் கேட்காதே. பதில் வருகிறவரை நில்.

நேற்று பரளச்சிக்குப் போனேன். பத்திரிகை வைக்கத் தம்பதியாகப் போவதுதான் முறை. என்னோடு வர உன் அம்மா இல்லை. வேறு ஒரு ஜோடியையாவது துணைக்குக் கூட்டிப்போகலாம் என்று யோசித்தேன். சொந்தத்தில் ஒவ்வொரு பெயராக நினைத்துப் பார்த்தேன். ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்கு நான் போகவில்லை. ஒருவரைக் கடிதம் எழுதித் திட்டியிருக்கிறேன். ஒருவர் நான் செடியைக் காட்டியபோது சிரித்தார் என்று அதோடு பேச்சை விட்டுவிட்டேன். கடைசியில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு தனியாகப் பஸ்ஸில் போனேன். தாம்பாளத்தைச் செய்தித்தாளில் சுற்றியிருந்தேன். பக்கத்தில் இருந்த பெண், "விசேசமா?" என்றது. "மகனுக்கு" என்றேன். "வீட்ல வரலையா?" என்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு பக்கமும் அறுத்த சோளத்தட்டையும் கரிசல் வெடிப்பும்தான்.

உன் சித்தப்பா வீட்டுக்கு முன்னால் களத்தில் மிளகாய் வற்றலைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தான். காலை நிறுத்தவில்லை.

"வாங்க வாத்தியாரே. பஸ்ஸு மாறி ஏறிட்டீங்களா?"

உன் சித்திதான் ஓடி வந்தாள். "வாங்க அத்தான், வெயில்ல நிக்கிறீகளே" என்று நாற்காலியைத் தூக்கி வந்து வேம்பு நிழலில் போட்டாள். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு வந்ததில் ஒரு வாக்கியம்கூட நினைவுக்கு வரவில்லை.

"அந்த ரோசாச் செடி. அதே செடிதாண்டா. வேற இல்ல."

"அப்படியா? யாரு சொன்னா?"

"செடி விக்கிற பாய் ஒருத்தர். அடியில தோண்டிக் காட்டுனாரு."

"ம்" என்றான். ஒரு வரிசை வற்றலைக் கிளறி முடித்தான். "தெருவுல போற பாய் சொன்னா நம்புவீக. கூடப் பொறந்தவன் சொன்னா நம்ப மாட்டீக. நல்ல படிப்பு."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் நான் நான்தானே. "இருந்தாலும் ஒட்டோட சேத்து வெட்டுனது நீதான். அதனாலதான் மஞ்ச போச்சு" என்றேன்.

அவன் அப்போதுதான் காலை நிறுத்தினான். "ஆமா, வெட்டுனேன். காஞ்சு சுள்ளியாக் கெடந்துச்சு. ஒட்டு இருக்கது எனக்கு என்ன தெரியும்? பச்சையா இருக்கான்னு மதினி கேட்டாக. தழைச்சிருந்துச்சு, நல்லா இருக்குன்னேன். பூவப் பத்தி அவுகளும் கேக்கல, நானும் சொல்லல."

"காய விடாம இருந்திருக்கலாம்ல."

சித்திதான் பேசினாள். குரலை உயர்த்தாமல், முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு. "அம்மை போட்ட வீட்ட விட்டு எப்படித்தான் வெளிய போறது? மொத மூணு நாளு பிள்ளைக்குக் கண்ணு தொறக்கல. வேப்பங்கொழையச் சொருகிட்டு இவுக தலமாட்டுலயே கெடந்தாக. தலைக்கு மூணு தண்ணி ஊத்தி முடிக்கிற வரைக்கும் அடுத்த தெருவுக்குக்கூடப் போகல, பதினோரு நாளு. ஆஸ்பத்திரில இருக்கவுகளுக்குத் தெரியக்கூடாதுன்னு சொல்லி வச்சாக. முடிச்சிட்டுப் போயிப் பாத்தா செடி காஞ்சு கெடந்துச்சு."

மகனே, உன் நெற்றியில் இரண்டு தழும்பு இருக்கிறது. உன் அம்மா போனபிறகு ஒருநாள் பார்த்து, என்ன என்று கேட்டேன். "சித்திரையில அம்மை போட்டுச்சுப்பா, சரியாயிருச்சு" என்றாய். நான் சரி என்றேன். அம்மை போட்ட வீட்டிலிருந்து ஒருவரும் வெளியே போகமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? இரண்டையும் சேர்த்து ஒரு கூட்டல் போட எனக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று. அதையும் நான் போடவில்லை, உன் சித்திதான் போட்டுக் காட்டினாள். உனக்கும் இது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். காய்ச்சலில் கிடந்தவனுக்கு யார் எங்கே போகாமல் இருந்தார்கள் என்று எப்படித் தெரியும்? அந்தப் பந்தலில் அவன் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்துப்போயிருக்கும். நீ அங்கே நின்றாய். அதனால் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். தாய் வைத்த செடி தன் நோயால் போயிற்று என்று அம்மா போன பதினாறாம் நாள் ஒரு பையன் கேட்கக்கூடாது. இப்போது உனக்கு இருபத்தைந்து வயது. இப்போது கேட்கலாம்.

தாம்பாளத்தை எடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, மேலே பத்திரிகையை வைத்து நீட்டினேன். "நீ வராட்டி அவன் மணவறையில உக்கார மாட்டேங்கிறான்" என்றேன். அவன் கையைத் துண்டில் துடைத்தான். மிளகாய்க் காரம் போக இரண்டு முறை துடைத்தான். சித்தியைப் பக்கத்தில் வரச் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினார்கள். நான் மட்டும் எதிரில் தனியாக நின்றேன்.

"மகன் கல்யாணத்துக்கு வாரோம்" என்றான். "முத நாளே வந்துருவோம்னு அவங்கிட்டச் சொல்லிருங்க வாத்தியாரே."

நீ கேட்டதற்கு விடை இதுதான். அவன் வருவான். அன்றைக்கு என்னையும் அவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்க முயற்சி செய்யாதே. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. அவன் மன்னித்ததாகவும் சொல்லவில்லை. செடியை வெள்ளையடிக்கிறவர்கள் எடுக்கவில்லை. அதற்குப் பின்னால் உள்ள சுவரை மட்டும் அடிக்காமல் விடச் சொல்லிவிட்டேன். ஆள் உயரத்துக்குச் சுவர் பழைய நிறத்திலேயே இருக்கும். பெண் வீட்டார் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்.

கிளம்பும்போது எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. "கொஞ்சம் தண்ணி குடு தாயி" என்று உன் சித்தியிடம் கேட்டேன். அவள் அசையவில்லை. உன் சித்தப்பாவைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். மூன்று பேருக்கும் அந்தப் பந்தல் நினைவில் இருந்தது. பிறகு அவள் உள்ளே போய் ஒரு சொம்பு கொண்டுவந்தாள். நின்றபடியே அண்ணாந்து முழுவதையும் குடித்தேன். சட்டையெல்லாம் சிந்தியது. காலிச் சொம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

உன் சித்தப்பா மறுபடி வற்றலைக் கிளற ஆரம்பித்திருந்தான். முதுகு என் பக்கம். திரும்பாமலேயே சித்தியிடம் சொன்னான்:

"அண்ணனுக்கு இன்னொரு சொம்பு குடு. பஸ்ஸு வர இன்னும் நேரங் கெடக்கு."